பவுடர் புளூவின் வெள்ளைப் புள்ளிகள்

யுத்தம் முடிந்து மீன்பிடிக்கக் கடல் திறந்த வருடம் அது. மாங்கேணியில் அக்கா வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில், அதற்குள் மூன்று கண்ணாடித் தொட்டிகள். சுனாமிக்குப் பிறகு கடலில் கால் வைக்காதிருந்த அக்காவின் கணவர், என் அத்தான், இப்போது மூழ்கி அலங்கார மீன் பிடித்தார். முதல் லொறி மீன் உயிரோடு கொழும்பு போய்ச் சேர்ந்தால் வியாபாரி தொடர்ந்து எடுப்பார். அத்தான் ஊரிலேயே இருப்பார். இல்லையென்றால் வேலைக்குக் கட்டார் நாட்டுக்குப் போவார். அக்காவுக்கு அப்போது ஏழு மாதம்.

வியாபாரி கேட்டது பவுடர் புளூ. வான்நீல உடம்பு, மஞ்சள் முதுகுச் செட்டை. நான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் முதலாம் வருடம். கடல் மீன்களில் ஒட்டுண்ணிக்கு முதலில் விழுவது இந்த இனம்தான் என்று வாசித்திருந்தேன். தோலில் சளிப்படலம் மெல்லியது. நாள் முழுக்கப் பவளப்பாரில் நீந்தித் திரிவதை நாலடித் தொட்டியில் அடைத்தால் பதறியே சோர்ந்துவிடும். கோமாளி மீனுக்குச் சளி தடிப்பு, அது ஓரளவு தாங்கும். வாசித்தது சரிதான். நான்தான் பாதியில் நிறுத்திவிட்டேன்.

முதலில் பிடித்த பன்னிரண்டு மீனிலும் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். உப்புக் குறைந்தால் ஒட்டுண்ணி சாகும் என்று, மழையில் நன்னீராகிக் கிடந்த வாவித் தண்ணீரைச் சைக்கிளில் கட்டிவந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன்.

"டொக்டர், மீனுக்குச் சொதி வைக்கிறியா கா?" என்று அத்தான் சிரித்தார்.

நாலாம் நாள் ஒரு புள்ளிகூட இல்லை. துள்ளினேன்.

"சுகம் அத்தான்! புதுசாப் பிடிச்சதையும் இதுக்குள்ளயே விடுங்க."

"உறுதியாச் சொல்றியா?"

"ஓம், நான்தானே சொல்றன்!"

இருபது மீனை விட்டார்.

ஒட்டுண்ணி சாகவில்லை. தோலை விட்டுக் கழன்று, தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு, ஒன்று நூறாகிக்கொண்டிருந்திருக்கிறது. மீனே இல்லாமல் வாரக்கணக்கில் தொட்டியைக் காலியாக வைத்திருக்க வேண்டுமாம். அது அடுத்த பக்கத்தில் இருந்தது.

லொறி வர இரண்டு நாள் இருக்க, எல்லா மீனும் வெள்ளை. காற்றுக்குழாயடியில் வாயைத் திறந்து நின்றன. வாளி வாளியாகக் கடல் தண்ணீர் மாற்றினேன். வாழைச்சேனைக்கு ஓடி மருந்துக்கடையில் கெஞ்சினேன்.

"மீனுக்கா? பொரிச்சுச் சாப்பிடு புள்ள," என்றார் கடைக்காரர்.

திரும்பி வந்தபோது அத்தான் செத்தவற்றை எடுத்துக்கொண்டிருந்தார். "நான் வலையால கலைச்சதில பயந்திட்டுதுகளோ?"

"இல்ல அத்தான். நான் சொன்னது பிழை. புதுசை விட்டிருக்கப்படாது."

அவர் ஏசவில்லை. "சரி. மறுகா இப்ப என்ன செய்ற? சொல்லு."

இன்னும் என்னைத்தான் கேட்டார்.

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எத்தினை உசிரோட கிடக்கு?"

"ஆறு," என்றேன். சொல்லி முடிக்குமுன் ஒன்று சரிந்தது.

"நாளைக்குக் கட்டார் ஏஜன்சிக்குப் போறன்," என்றார் அத்தான், அவளைப் பார்க்காமல்.

"புள்ள பிறந்தாப்பிறகு போங்களன்."

அவர் தண்ணீருக்குள் கையை விட்டு, சரிந்ததை எடுத்தார்.