முன்பாயில் நின்ற அத்தை

எங்கள் வீட்டில் பேய் கிடையாது. ஞாயிறு தவறாமல் பாளையங்கோட்டையில் ஆராதனைக்குப் போகிற குடும்பம். பேய், முனி, உச்சிவேளை என்று யாராவது வாயெடுத்தால், "நமக்கு அதெல்லாம் கிடையாது" என்று அம்மா ஒரே போடாகப் போட்டுவிடுவாள். அதனால் பேயைப் பற்றிய என் படிப்பு முழுக்கப் பள்ளிக்கூடத்தில்தான் நடந்தது. ஐந்தாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை அந்த விஷயத்தில் கரைகண்டவள். செத்தவர்கள் உச்சி வெயிலில்தான் நடமாடுவார்கள், ஆடி அமாவாசையன்று ஆற்றங்கரையில் எள்ளும் தண்ணீரும் விட்டுப் பேர்சொல்லிக் கூப்பிட்டால் வந்து வாங்கிக்கொண்டு போவார்கள், கூப்பிட ஆளில்லாதவர்கள் கரையிலேயே சுற்றுவார்கள் என்றெல்லாம் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். இதை நான் வீட்டில் மூச்சுவிடவில்லை. எனக்கென்ன முதுகு அரிக்கிறதா?

அந்த வருஷம்தான் என் அத்தை இறந்துபோனாள். அத்தை என்றால் அம்மாவின் தம்பி மனைவி. பிள்ளைகள் இல்லை. மாமாவுக்கு துபாய்ப் பக்கம் பணக்காரர்களின் பாய்மரப் படகுகளைப் பழுதுபார்க்கும் வேலை. அத்தைக்கு இரண்டு நாள் காய்ச்சல், மூன்றாம் நாள் ஆள் இல்லை. மாமா விமானம் பிடித்து வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து வீட்டில் ஜெபம் நடந்துகொண்டிருந்தது. அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார். யாரோ ஒருவர் அவருக்கும் பாட்டுப் புத்தகத்தை நீட்டினார்.

அதற்குப் பிறகு மாமா திரும்பிப் போகவில்லை, யாரோடும் அதிகம் பேசவுமில்லை. திடீரென்று ஒருநாள் தூத்துக்குடியிலிருந்து ஒரு பழைய சின்னப் பாய்மரப் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவர் ஊர் பாளையங்கோட்டைக்குக் கிழக்கே, ஆற்றங்கரையில் இருந்தது. அங்கே ஓர் அணைக்கட்டு உண்டு. கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் அணைக்கட்டுக்கு மேல்பக்கம் தாமிரவருணி கடல் மாதிரி விரிந்து நிற்கும். படகை அங்கே இறக்கினார். ஊர் மொத்தமும் வேடிக்கை பார்த்துவிட்டு, பாவம், மனுஷனுக்கு மண்டை குழம்பிவிட்டது என்று தீர்ப்புச் சொல்லிப் போனது.

அம்மாவுக்கு அப்போது உலகத்தில் ஒரே ஒரு கவலைதான்: தம்பி ஒவ்வொரு நாளும் முழுசாக வீடு திரும்ப வேண்டும். தச்சநல்லூரில் எங்கள் வீட்டிலிருந்து தினமும் நாலு தடவை போன் போடுவாள். சனிக்கிழமை ஆனால் தூக்குவாளியில் புளிச்சோற்றைக் கட்டி, என்னையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டுபோய் அங்கே விட்டுவிடுவாள்.

"மாமா கூடவே இரிட்டி. படகுல ஏறுனா நீயும் ஏறு. ஒரு நிமிஷம் தனியா விடாத, கேட்டியா?"

கேட்டேன். யாரிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்பதை அம்மா சொல்லவில்லை. அதை நானே கண்டுபிடித்துக்கொண்டேன். வேறு யார், அத்தையிடமிருந்துதான்.

அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. அந்தப் படகின் மூக்கிலிருந்து பாய்மரத்தின் உச்சிக்குச் சாய்வாக ஒரு கம்பி போகும். முன்பாய் அந்தக் கம்பியைச் சுற்றித்தான் சுருண்டிருக்கும். கம்பியின் அடியில் ஓர் உருளை, அதில் சிவப்புக் கயிறு. பாயின் முனையில் நீலக் கயிறு. நீலத்தை இழுத்தால் உருளை சுழன்று பாய் விரியும், சிவப்பு தானாக உருளையில் சுற்றிக்கொள்ளும். சிவப்பை இழுத்தால் பாய் பழையபடி சுருண்டுவிடும். பெரிய பாய் ஒன்றும் உண்டு, மாமா அதைக் கட்டவே இல்லை. முன்பாயின் ஓரம் வெயிலில் இற்றுப்போயிருந்ததால், அந்த ஓரத்தை நீளமாக வெட்டிவிட்டு வேறு துணி வைத்துத் தைத்திருந்தார். அது அத்தையின் கல்யாணப் புடவை. வெள்ளைப் பட்டில் வெள்ளைப் பூ. பாயைச் சுருட்டினால் அந்த ஓரம்தான் மேலே வரும். கரையிலிருந்து பார்க்கும்போது படகின் முன்னால் ஒல்லியாக ஒருத்தி புடவையை இழுத்துச் சுற்றிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும்.

அத்தையும் ஒல்லிதான்.

ஆனாலும் மாமா எனக்குக் கயிறு பிடிக்கப் பழக்கியபோது பயம் பாதி போய்விட்டது. "பைய இழுட்டி. நீலத்த விடாம செவப்ப இழுத்தா உருள திரும்பாது. மொதல்ல அத அவுத்துவிடு" என்பார். வாரம் முழுக்கப் பேசாத மனுஷன் படகில் மட்டும் இவ்வளவு பேசுவார். நான் சுருட்டி முடித்ததும் சிவப்புக் கயிற்றை ஒரு கொக்கியில் எட்டுப்போட்டுக் கட்டுவார்.

மூன்றாவது சனிக்கிழமை நடந்ததை இன்றைக்கும் தனியாக இருக்கும்போது நினைப்பதில்லை. படகை நாணல் பக்கம் நிறுத்திவிட்டுக் கரையில் மருதமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நல்ல உச்சி. ஆடிக் காற்று ஏனோ அடியோடு நின்றிருந்தது, நாணல்கூட அசையவில்லை. அப்போது படகிலிருந்து சரசரவென்று ஒரு சத்தம். பார்த்தால், முன்னால் நின்றவள் மெதுவாகத் திரும்புகிறாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. புடவை அவிழ்ந்து, வெள்ளையாக, அகலமாக, எங்களைப் பார்த்து விரிந்து நின்றது. என் வாயில் சோறு அப்படியே இருந்தது, விழுங்கத் தோன்றவில்லை.

மாமா பயப்படவில்லை. சோற்றுக் கையோடு எழுந்து நின்றார். "ஒன் அத்த கூப்பிடுதா பாரு" என்றார், பக்கத்து வீட்டிலிருந்து யாரோ கூப்பிட்டதைச் சொல்வதுபோல.

அணைக்கட்டைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் அண்ணாச்சி மதகு மேலிருந்து சத்தம் போட்டார். "உச்சி நேரத்துல வெள்ளத் துணிய விரிக்காதிய வே! ஆத்துக்கு ஆகாது." மாமா காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

கொக்கியில் கயிறு நழுவியிருக்கும், சுருளுக்குள் கொஞ்சம் காற்று புகுந்தால் போதும், பாய் தானாக விரியும். இதெல்லாம் இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்குக் காற்றே இல்லை என்பதும் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை ஆடி அமாவாசை. கரை முழுக்க ஜனம். இலையும் எள்ளும் பச்சரிசியுமாக உட்கார்ந்து, ஒவ்வொருவரும் தங்கள் அப்பா, தாத்தா, பாட்டன் பேரைச் சொல்லித் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. எல்லாருடைய ஆட்களையும் கூப்பிடுகிறார்கள், எங்கள் அத்தையைக் கூப்பிட ஆளில்லை. நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள், கூப்பிடவும் மாட்டோம். கூப்பிட ஆளிருக்கிறவர்களெல்லாம் வாங்கிக்கொண்டு போக, இவள் மட்டும் வெறுங்கையோடு நிற்கிறாள். அதனால்தான் மாமாவைக் கேட்கிறாள்.

மாமா புதுச்சட்டை போட்டிருந்தார். முகம் மழித்திருந்தார். "இன்னைக்கு நீ கரையில இரிட்டி" என்றார்.

"அம்ம ஏசுவா" என்று சொல்லிவிட்டு, தூக்குவாளியோடு முதலில் போய் ஏறி உட்கார்ந்துகொண்டேன். மாமா கொஞ்ச நேரம் முழங்கால் தண்ணீரில் நின்றார். பிறகு அவரும் ஏறினார்.

நடு ஆற்றுக்குப் போனதும் நீலக் கயிற்றை இழுத்துக் கட்டினார். பாய் முழுசாக விரிந்தது. மேல்காற்று பின்னாலிருந்து தள்ள, ஆறும் கிழக்கே இழுக்க, படகு அணைக்கட்டைப் பார்த்து ஓடியது. வழக்கமாக லஸ்கர் குடிசைக்கு நேரே வந்ததும் திரும்புவோம். குடிசை வந்தது, போய்விட்டது. மாமா சுக்கானிலிருந்து கையை எடுத்தார். மறுகையில் பிடித்திருந்த சிவப்புக் கயிற்றையும் விட்டார். விட்டதை நான் பார்த்தேன். கை தவறி விழவில்லை, தாம்பாளத்தை இறக்கி வைப்பதுபோல வைத்தார். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு பாயையே பார்த்தார். முகத்தில் ஒரு சாந்தம். அந்த மாதிரி முகத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

"மாமா" என்றேன். திரும்பவில்லை. அணைக்கட்டின் இரைச்சல் கேட்க ஆரம்பித்தது. தண்ணீர் அதன் மேல் வழிந்து அந்தப் பக்கம் கருங்கல்லில் விழுகிற சத்தம்.

அவரை அவள் எடுத்துக்கொண்டுவிட்டாள் என்றே நினைத்தேன். தவழ்ந்து போய்ச் சிவப்புக் கயிற்றை எடுத்து இழுத்தேன். உருளை அசையவில்லை. காலை உதைத்துக்கொண்டு இழுத்தேன், உள்ளங்கை தோல் உரிந்ததுதான் மிச்சம். பிறகுதான் நீலம் ஞாபகம் வந்தது. அதன் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தேன். பாய் விடுபட்டுப் படபடவென்று அடித்துக்கொண்டது, ஒருதரம் புடவை என் முகத்திலேயே அறைந்தது. அழுதுகொண்டே இழுத்தேன். "போ அத்தை, போ அத்தை" என்று சொல்லிச் சொல்லி இழுத்தேன். ஒவ்வொரு சுற்றாக அவள் புடவையைச் சுற்றிக்கொண்டாள். கடைசிச் சுற்றும் முடிந்து பழையபடி ஒல்லியாக நின்றாள்.

"மாமா, அத்தையச் சுருட்டிட்டேன்" என்றேன்.

அதைக் கேட்டுத்தான் அவர் என்னைப் பார்த்தார். நான் எப்போது அங்கே வந்தேன் என்பதுபோலப் பார்த்தார். என் கையிலிருந்த ரத்தத்தைப் பார்த்தார். தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது, எழுந்து நங்கூரத்தைத் தூக்கிப் போட்டார். அது எங்கோ பாறையில் மாட்டி, படகு ஒரு வெட்டு வெட்டி நின்றது. மதகிலிருந்து லஸ்கர் அண்ணாச்சி வடத்தை வீசி எங்களைக் கரைக்கு இழுக்கும் வரை மாமா என்னை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். எனக்கு மூச்சு முட்டியது.

படகு அதற்குப் பிறகு தண்ணீரைப் பார்க்கவில்லை. மாமாவை அம்மா தச்சநல்லூருக்கே கூட்டிவந்துவிட்டாள். இன்றைக்கு அவர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார், தலை முழுக்க நரைத்துவிட்டது, என் பிள்ளைகளோடு கேரம் ஆடித் தோற்கிறார்.

அந்த அமாவாசையன்று சாயங்காலம் அம்மா என் தலையைத் துவட்டிவிட்டாள். லஸ்கர் எல்லாவற்றையும் போனில் சொல்லியிருந்தார். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கயித்த யாருட்டி விட்டா?"

மாமாவுக்கு ஏச்சு விழக்கூடாதே என்று, "அத்தை" என்றேன்.

துண்டு என் தலைமேல் நின்றுவிட்டது. பேய் பேசினதற்கு அடி விழும் என்று கழுத்தைச் சுருக்கிக்கொண்டேன். அடி விழவில்லை.

"நீ படகுக்குள்ள இருக்கையிலேயேவா?" என்றாள் அம்மா. குரல் அவளுடையது போலவே இல்லை.

என்னைப் படகில் ஏற்றிவிட்டால் தம்பி எப்படியும் கரைக்குத் திரும்பித்தான் ஆவான் என்று அவள் நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கையில்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் ஏற்றினாள். இது எனக்கு விளங்க நானும் ஒரு பிள்ளைக்குத் தாயாக வேண்டியிருந்தது. அன்று நான் கண்டதெல்லாம், அம்மா தரையில் உட்கார்ந்து என் இரண்டு கால்களையும் கட்டிக்கொண்டு அழுததைத்தான். அத்தைக்குப் பயந்துதான் அழுகிறாள் என்று நினைத்தேன். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "இனிமே நான் நல்லா கட்டிருவேம்மா, அடுத்த சனிக்கிழமையும் என்னையே அனுப்பு" என்று அவளைத் தேற்றினேன்.