மனோ அக்கா மலையேற்றிய கார்

வேலை முடிந்து வீட்டுக்கு வந்து ஆன்சரிங் மெஷினை அழுத்தினேன். முதலாவது செய்தி பல் வைத்தியரிடமிருந்து. இரண்டாவது, மனோ அக்காவின் தம்பி சிவம்.

"அக்கா இண்டைக்குக் காலமை மோசம் போயிட்டா. உங்களுக்கு ஆரும் சொல்ல முதல் நான் சொல்லவேணும் எண்டு நினைச்சன்."

சாவுச் செய்தி கேட்டு, சப்பாத்தைக் கழற்றாமலே நாற்காலியில் இருந்துவிட்டேன். சிவத்தை அழைத்தபோது, நான்கு மாதமாகவே அக்காவுக்கு ஈரலில் புற்றுநோய் என்று தெரியும் என்றான். எனக்குச் சொல்லக் கூடாது என்று கட்டளையாம். "சாந்திக்குச் சொன்னால் பனிக்குள்ளை ஓடிவருவாள், அவளுக்குக் கார் ஓடத் தெரியாது" என்றாராம். எனக்குக் கார் ஓடத் தெரியும். இந்த நாட்டு லைசென்ஸ் என் கையில் இருக்கிறது. அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது எரிச்சல்தான். மனோ அக்காவோடு பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் கனடாவின் ஸ்காபரோவில், கார் விளக்குகளுக்கு வயர் கோர்க்கும் ஒரு தொழிற்சாலையில் அடுத்தடுத்த மேசைகளில் வேலை செய்தோம். அங்கிருந்து ஓய்வு பெற்ற இத்தாலிய மேற்பார்வையாளர் ஒருவரின் பழைய காரைத்தான் மனோ அக்கா வாங்கினார். அறுபத்தொன்பதாம் ஆண்டு அமெரிக்கக் கார். எட்டு சிலிண்டர், இரண்டே கதவு, செம்மஞ்சள் நிறம். முன்பக்கம் ஒரு கட்டில் நீளம். அதன் பெயரைச் சொன்னால் அதன் பக்தர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், சொல்லவில்லை. காலை ஆறு மணிக்கு என்னை வேலைக்கு ஏற்றிப்போக அது எங்கள் கட்டட வாசலில் வந்து நின்று உறுமும். பதினான்காம் மாடியில் இருந்தவர்கள்கூட என்னிடம் முறையிட்டார்கள். சத்தம் போடாமல் வரமுடியாதா என்று கேட்டால், "எஞ்சின் இருந்தால் சத்தம் இருக்கும். தையல் மெஷினே ஓடுறன்?" என்பார்.

கிளிநொச்சியில் தகப்பனின் உழவு இயந்திரத்தைப் பதினைந்து வயதிலேயே ஓட்டியவர். அதனால் ஓடக்கூடிய எதைப் பற்றியும் அவருக்கு யாரும் எதுவும் சொல்லிவிட முடியாது.

நான் ஊரில் ஆறு வருடம் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தவள். இங்கே மூன்று வருடம் வயர் கோர்த்துக்கொண்டே படித்து, சோதனை எழுதி, விண்ணப்பம் மேல் விண்ணப்பமாகப் போட்டேன். கடைசியில் வடக்கே இரண்டு மணி நேரத் தூரத்தில், மலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு சிறு நகரத்து ஆஸ்பத்திரி நேர்முகத்துக்கு அழைத்தது. ஒரேயொரு அழைப்பு. பஸ்ஸில் போகிறேன் என்றேன். மனோ அக்கா விடவில்லை. "நான் கூட்டிக்கொண்டு போறன். பேசாமல் இரு."

மலை என்று சொல்கிறேனே தவிர, அது பனிச்சறுக்குக்காரர்களின் மலை. ஊரில் மலை பார்த்தவர்கள் சிரிப்பார்கள். ஆனாலும் ஏற்றம் ஏற்றம்தான். ஏரிக்கரையோரமாக அதைச் சுற்றிப் போகும் சமதரைப் பாதை ஒன்று இருந்தது. வரைபடம் என் மடியில் இருந்தது. சந்தி வந்ததும், "நேர போங்கோ அக்கா" என்றேன். அவர் இடது பக்கம் திருப்பினார்.

"என்னக்கா செய்யிறியள்?"

"மலை ஏறாத காருக்கு எட்டு சிலிண்டர் எதுக்கடி? இருந்து பார்."

பார்த்தேன். இரண்டாம் கியரில் கார் உறுமிக்கொண்டு ஏறியது. முதல் வளைவில் அவர் சிரித்தார். இரண்டாம் வளைவில் வெப்பமானியின் முள் சிவப்புப் பக்கம் சாய்ந்தது. உடனே எட்டி ஹீட்டரை முழுதாகத் திருப்பிவிட்டார். ஜூலை மாதம்! எஞ்சினின் சூட்டை உள்ளே இழுத்தால் எஞ்சின் ஆறுமாம். எஞ்சின் ஆறியதோ தெரியாது, நான் வெந்தேன். நேர்முகத்துக்கென்று போட்ட வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூன்றாம் வளைவுக்குச் சற்று முன்னால் பொனற் மூடியின் கீழிருந்து ஆவி சீறியது. கார் நின்றது.

"இறங்கிப் பின் சில்லுக்குக் கல்லு வை. ஹான்ட்பிரேக் அவ்வளவு பிடிக்காது."

அதை அவர் சொன்னது அப்போதுதான். குதி உயர்ந்த சப்பாத்தோடு ஓடிக் கல் பொறுக்கி வைத்தேன். திரும்பி வந்தால், சூட்டைத் தாங்குவதற்காக ஒரு துணியைச் சுற்றி ரேடியேற்றர் மூடியைத் திறந்துகொண்டிருந்தார். பச்சைத் தண்ணீர் கொப்பளித்தது. அந்தத் துணி, சட்டைக்கு மேல் போடவென்று பின் சீற்றில் நான் பத்திரமாக மடித்து வைத்திருந்த ஜாக்கெற். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் இரவல் வாங்கியது.

"மனோ அக்கா!"

"கையைச் சுடச் சொல்லுறியோ?"

கொஞ்ச நேரத்தில் ஒரு வெள்ளைக்கார விவசாயி உழவு இயந்திரத்தில் வந்தார். எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்ப் பால் கேனில் தண்ணீர் கொண்டுவந்தார். நல்ல மனிதர். ஆனால் மனோ அக்கா அவரிடம் நன்றி சொன்னதோடு நிற்கவில்லை. அந்த இயந்திரத்தைச் சுற்றி வந்தார், தட்டிப் பார்த்தார், ஏறியும் இருந்தார். அரை ஆங்கிலத்திலும் முழுக் கையாலும் பத்து நிமிடம் கதைத்தார். நான் தெருவோரத்தில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் நேர்முக நேரம் அங்கேதான் கடந்து போனது.

தண்ணீர் குடித்த கார் மிச்ச மலையையும் ஏறியது. ஒன்றே கால் மணி நேரம் பிந்திப் போய்ச் சேர்ந்தேன். குழுவினர் எழுந்து போய்விட்டார்கள் என்று வரவேற்பறைப் பெண் மரியாதையாகச் சொன்னாள். நான் காருக்குத் திரும்பி வந்து கதவைச் சாத்தினேன். பாதி வழியில் மனோ அக்கா சொன்னார்: "எண்டாலும் ஏறினது பார்த்தியே?"

"இனிமேல் என்னை ஏத்த வரவேண்டாம்," என்றேன்.

அடுத்த நாளிலிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனேன். அதே மேசை, அதே வயர். முழங்கை முட்டும் தூரத்தில் மூன்று கிழமை ஒரு சொல் பேசவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் அவர் என் பக்கம் தள்ளிவைக்கும் வடையைத் திருப்பித் தள்ளிவிடுவேன். அந்த மூன்று கிழமையும் எப்படிப் போனது என்பது எனக்குத்தான் தெரியும். இனி வாழ்நாள் முழுக்க வயர்தான் என்று முடிவுகட்டியிருந்தேன்.

பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. வேறொரு திகதி தந்திருந்தார்கள். ஏன் என்று விளங்கவில்லை. பஸ்ஸில் போனேன், நேரத்துக்குப் போனேன், வேலை கிடைத்தது.

சேர்ந்த முதல் நாள் பரிசோதனைக் கூடத்தின் தலைமைப் பெண்மணி என்னிடம், "உங்கள் சாரதி எப்படி இருக்கிறார்?" என்று கேட்டார். விழித்தேன். அவர் சிரித்தபடி சொன்னார். நான் பிந்திப் போன நாளுக்கு இரண்டு நாள் கழித்து, காலையில் அவர் வேலைக்கு வந்தபோது ஒரு பெண் வாசலில் நின்றிருக்கிறாள். கையில் பச்சைக் கறை படிந்த ஒரு ஜாக்கெற். அதை விரித்துக் காட்டி, "கார் பிழை. நான் பிழை. அவள் பிழை இல்லை," என்று திரும்பத் திரும்பச் சொன்னாளாம். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லையாம்.

அந்த ஜாக்கெற்றைச் சலவைக்குக் கொடுக்கிறேன் என்று வாங்கிப் போனவர் மனோ அக்கா. அவர் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று ஏன் வேலைக்கு வரவில்லை என்று நான் கேட்கவுமில்லை. தலைமைப் பெண்மணி சொன்ன அன்று பின்னேரமே மனோ அக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"ஏனக்கா எனக்குச் சொல்லேல்லை?"

"நீ கதைச்சால்தானே சொல்லுறதுக்கு."

"கடிதம் எழுதியிருக்கலாமே? ஒரு ரெலிபோன் எடுத்திருக்கலாமே?"

"பிழை விட்ட ஆள் போய் முன்னாலை நிக்கவேணும் சாந்தி. ரெலிபோனுக்குள்ளை ஒளிச்சு நிண்டு சொல்லுறதே?"

கேட்காமல் இருந்திருக்கலாம், ஆனாலும் கேட்டேன். "அண்டைக்கும் மலையாலையே போனனியள்?"

"ஓம். அண்டைக்குக் கொதிக்கேல்லை. நீ இல்லை, பாரம் குறைவு."

நான் அந்தச் சிறு நகரத்துக்குக் குடிவந்தேன். மாதம் ஒரு தடவை வருவார். ஏரிக்கரைப் பாதையால் வாருங்கள் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். ஒரு தடவையும் கேட்கவில்லை. வெந்த முகத்தோடு வந்து இறங்கி, முதலில் காருக்குத் தண்ணீர் கேட்பார், பிறகு தனக்கு.

போன வருடம் மாசி மாதத்தில் நான் இரண்டு இரத்த மாதிரிக் குழாய்களின் பெயர்ச் சீட்டுகளை மாற்றி ஒட்டிவிட்டேன். நானேதான் கண்டுபிடித்தேன், எவருக்கும் தீங்கில்லை. ஆனால் ஒரு முதியவர் திரும்ப வந்து இரத்தம் கொடுக்க வேண்டும். தொலைபேசியில் சொல்லச் சொன்னார்கள். எண்ணைக்கூட எழுதித் தந்தார்கள். நான் பனிக்குள் இருபது கிலோமீற்றர் ஓட்டிப்போய் அவருடைய பண்ணை வீட்டு வாசலில் நின்று, பிழை என்னுடையது என்றேன். கதவைப் பாதி திறந்து பிடித்தபடி, பத்து நிமிடம் என்னை ஏசினார். கால் விறைத்தது. நின்று கேட்டேன். திரும்பி வரும்போது காருக்குள் தனியாக இருந்து மனோ அக்காவை வாய்விட்டு ஏசினேன்.

மனோ அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது, பிழை விட்டால் போய் முன்னால் நிற்கும் இந்தப் பழக்கம் ஒன்றுதான். வசதியானது அல்ல. வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கவும் இனி ஆளில்லை.