அண்ணையின் இடது கை

சனம் கதைக்கிறதைக் கேட்டுக்கொண்டிருந்ததுதான் என் படிப்பு. பாரிசவாதம் வந்து பேச்சிழந்தவர்கள் மற்றவர்களுடன் எப்படிக் கதைக்கிறார்கள் என்று ஆராய வந்த பல்கலைக்கழகப் பிள்ளைக்கு, எங்கள் ஊர் மண்கும்பானில் யாரோ என்னைக் கைகாட்டிவிட்டார்கள். நான் அவளைப் பக்கத்து வளவு அண்ணை வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

அண்ணை தெற்கில் கடை வைத்திருந்தவர். சிங்களத்திலும் தமிழிலும் வாய் ஓயாத மனிதர். வாதம் வந்தபிறகு அவரிடம் மிஞ்சியது ஒரே சொல்: "ஓம்." பசித்தாலும் ஓம், பசிக்காவிட்டாலும் ஓம். மிச்சத்தை அவரின் மனைவி சொல்லுவா; அவவை நான் அக்கா என்பேன். "இவர் வாயைத் திறப்பார், நான் கதைப்பன். ஆளுக்குப் பாதி வேலை" என்பா. அந்தக் கதையை நான் எத்தனை பேருக்குச் சொல்லிச் சிரித்திருப்பேன்.

இருவரையும் கனடாவுக்குக் கூப்பிட்டுத் தன்னோடு வைத்துப் பார்க்க அவர்களின் மகள் எல்லா ஆயத்தமும் செய்திருந்த நேரம் அது. "அவரும் ஓமெண்டிட்டார்" என்று அக்கா எங்களுக்கெல்லாம் சொல்லியிருந்தா.

பிள்ளை ஒரு காலை முழுக்க அண்ணையைப் படம் பிடித்தாள். அடுத்தமுறை மடிக்கணினியோடு வந்தாள். சொல், குரல், முகம், கை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து அர்த்தம் சொல்லுமாம் அதிலிருந்த செயற்கை நுண்ணறிவு. சரியா பிழையா என்று நாங்கள் சொல்லவேண்டும்.

முதலில், தேத்தண்ணி வேணுமோ என்று அக்கா கேட்ட படத்துண்டு. திரையில் எழுத்து வந்தது: "சொல்: ஓம். கை: விரிந்திருக்கிறது. சம்மதம்."

"உதுக்கு மிசின் வேணுமோ பிள்ளை?" என்று அக்கா சிரித்தா.

அடுத்தது கனடாப் பேச்சு. அண்ணை ஓம் என்கிறார். வாதம் விட்டுவைத்த இடது கை கதிரைச் சட்டத்தை இறுக்கிப் பிடிக்கிறது. "சொல்: ஓம். கை: இறுக்கம். மறுப்பாக இருக்கலாம்."

எல்லோரும் திரையை விட்டு அண்ணையின் கையைப் பார்த்தோம். அது இப்போதும் சட்டத்தைப் பிடித்திருந்தது.

"இது ஊகம்தான் அன்ரி. பிழையாகவும் இருக்கலாம்" என்றாள் பிள்ளை.

"அப்ப பிழையெண்டு போடும்" என்றா அக்கா.

பிள்ளை என்னைப் பார்த்தாள். "எனக்குத் தெரியேல்லை எண்டு போடும்" என்றேன். வேறென்ன சொல்ல?

அவள் போன கையோடு மகளின் வீடியோ அழைப்பு வந்தது. அக்கா வழமைபோல போனை என்னிடம் தந்து, "முகத்துக்கு நேரை பிடியும் தம்பி" என்றா.

"அப்பா, கனடாவுக்கு ரிக்கற் போடட்டோ?"

"ஓம்."

நான் போனைக் கொஞ்சம் கீழே இறக்கினேன். அவ்வளவுதான் செய்தேன். மகள் திரைக்குக் கிட்டக் குனிந்தாள்.

"அம்மா, அப்பா ஏன் கதிரையை உப்பிடிப் பிடிச்சிருக்கிறார்?"

அக்கா போனை என்னிடமிருந்து வாங்கினா. மகள் ரிக்கற் போடவில்லை.

பின்னேரம் போனபோது, அக்கா தனியாக அண்ணையைக் கதிரையிலிருந்து கட்டிலுக்கு மாற்றிக்கொண்டிருந்தா. படுக்க வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி நிமிர்ந்தா.

"காட்டினது நீர் தம்பி. தூக்கிறது நான்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் எனக்கு லேசாயிருந்திருக்கும். பிள்ளையின் கமரா முழுநேரமும் அண்ணையைத்தான் பார்த்தது. அவரைத் தூக்குகிற ஆள் படத்துக்குள் வரவில்லை. நானும் பார்க்கவில்லை.

இப்போது பின்னேரங்களில் நான் போய்த்தான் அண்ணையைக் கட்டிலுக்கு மாற்றிவிடுகிறேன். "ஓம்" என்று என் தோளைப் பிடிக்கிறார். கை தளர்வாக இருக்கிறது. அக்கா தலையணையைச் சரிசெய்கிறா. முந்தியென்றால் அதற்குள் நாலு கதை சொல்லியிருப்பா.