குவைத்தில் எழுதிய ஓலை

கணவர் இறந்தபோது எனக்கு முப்பத்து நான்கு வயது. மகள் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அவளைத் திண்டிவனத்தில் என் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுக் குவைத்துக்குப் போனேன். ஒரு வீட்டில் ஆறு வருஷம் சமைத்தேன், துவைத்தேன், என்னுடையவை அல்லாத மூன்று பிள்ளைகளுக்குக் கழுவிவிட்டேன். இதில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. எங்கள் தெருவிலேயே நான்கு பேர் போய்வந்திருக்கிறோம்.

அங்கே வெள்ளிக்கிழமைதான் எங்களுக்கு ஞாயிறு. வீட்டு வேலைக்காரிகளை வெளியே விடும் ஒரே நாள், அதுவும் நல்ல முதலாளியாக வாய்த்தால். கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்ததும் வெளியே நிழலில் நின்று பேசுவோம். நான் சொல்வது மாதா கோயில். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கர்களுக்கு அது கோயில்தான். சர்ச் என்று சொன்னால் ஏதோ வேறொருவருடைய இடம் மாதிரி இருக்கும்.

அவனை அங்கேதான் பார்த்தேன். ஏதோ ஒரு கம்பெனிக்கு வண்டி ஓட்டினான். சொந்த ஊர் கண்டமங்கலம் பக்கம் ஒரு கிராமம். அழகன் என்று சொல்ல முடியாது. முன்பல் ஒன்று சாய்ந்திருக்கும், தொப்பை வேறு. ஆனால் ஞாபகசக்தி அபாரம். மகளுக்குத் திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை என்று பேச்சுவாக்கில் சொல்லியிருப்பேன். அடுத்த வெள்ளி முதல் கேள்வியே, "கணக்கு எப்பிடி எழுதினாளாம்?" என்று வரும். நான்கு வருஷத்தில் என்னிடம் அதைக் கேட்ட ஒரே ஆள் அவன்தான். நான் விழுந்தது அந்த இடத்தில். பெரிய காதல் வசனம் எதுவும் தேவைப்படவில்லை.

ஆனாலும் லேசில் சம்மதிக்கவில்லை. விதவை, வெளிநாடு, துணைக்கு ஆளில்லை, எவன் எப்படிப்பட்டவனோ என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அப்போதுதான் அவன் ஓலை எழுதலாம் என்றான்.

ஓலை என்றால் எங்களில் கல்யாண அறிவிப்பு. பெண்ணும் பிள்ளையும் இரண்டு வீட்டாரோடு பங்குச் சாமியார் முன்னால் உட்கார்ந்து, கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக் கையெழுத்துப் போடவேண்டும். பிறகு இருவருடைய ஊர்க் கோயிலிலும் மூன்று ஞாயிறு பூசையில் அதை வாசிப்பார்கள். ஓலை எழுதிவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. பெண்ணை மருமகள் என்றே கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். வேறு மதத்துப் பெண்ணாக இருந்தால் முதலில் தாலியைக் கட்டு என்றிருப்பாள். நாங்கள்தான் ஒரு தாளைக் கண்டு மயங்குகிறவர்கள்.

கோயிலுக்கு வெளியே அவன் வண்டியின் பானட் மேல் வைத்துத்தான் எழுதினோம். ஊரிலிருந்து வரவழைத்தது என்று ஒரு ஜெராக்ஸ் தாளைக் கொண்டுவந்தான். மேல் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு விழுந்திருந்தது. ஞானஸ்நானம் வாங்கிய தேதி, அப்பா பேர், அம்மா பேர் எல்லாவற்றையும் மணிமணியான கையெழுத்தில் நிரப்பினான். நான் கையெழுத்துப் போட்டேன்.

"ஊருக்கு அனுப்பிடறேன். நம்ம சாமியாரு பாத்துக்குவாரு. இனிமே நீ எங்க ஊட்டுப் பொண்ணு" என்றான்.

சாமியார் இல்லாமல், சாட்சி இல்லாமல், வெயிலில் நின்று எழுதினால் அது ஓலையா என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்ற விடவில்லை என்பதுதான் சரி. அன்றிலிருந்து அவனிடம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திண்டிவனத்தில் இரண்டு பேர் பேரிலும் வீடு கட்டலாம் என்றான். பதினாலு மாசச் சம்பளத்தைக் கொடுத்தேன். பணம் மட்டும்தான் கொடுத்தேன் என்றால் அது பாதி உண்மை. மீதியை எழுதாமலே உங்களுக்குப் புரியும்.

பிறகு லீவில் ஊருக்குப் போனான். போன் அணைந்தது. என் காண்டிராக்ட் முடிந்து வந்த இரண்டாம் வாரம், அண்ணனிடம் ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு அவன் ஊர்க் கோயிலுக்குப் போனேன். சாமியார் இல்லை. பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் இருந்தார். பேரைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

"ஏம்மா, அவன் ஓலைய எழுதினது நான்தான். பதினோரு வருசம் ஆவுது. ரெண்டு பசங்க கீறாங்க. இது மாதிரி விசாரிச்சிக்கினு வர்றதுல நீ மூணாவது ஆளும்மா."

தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

வீட்டில், சம்பளப் பணத்தை ஏஜென்ட் ஏமாற்றிவிட்டான் என்று சொன்னேன். மகள் அந்த ஏஜென்டைக் கிழிகிழி என்று கிழித்தாள். இல்லாத மனுஷனை அவள் திட்டத் திட்ட நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். கிரைண்டர் ஒன்று வாங்கி இட்லி மாவு அரைத்து விற்க ஆரம்பித்தேன். அந்தக் கதை அத்தோடு முடிந்தது என்று இருந்தேன்.

எட்டு மாதம் கழித்து விழுப்புரத்திலிருந்து ஒரு போன். குவைத்தில் எனக்குப் பழக்கமான பெண், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். தங்கைகள் இரண்டு பேரைக் கட்டிக்கொடுப்பதற்குள் அவளுக்கு முப்பத்து மூன்று ஆகிவிட்டிருந்தது. எனக்குக் காய்ச்சல் வந்த ஒரு வெள்ளிக்கிழமை, பூசைக்குக்கூடப் போகாமல் என்னோடு இருந்தவள். அவனைப் பற்றி அவளிடம்கூட நான் மூச்சு விட்டதில்லை.

"அக்கா, லீவுல வந்துக்கீறேன். இந்த மாசம் எனக்குக் கல்யாணம். ஓலை குவைத்துலயே எழுதியாச்சு" என்றாள். பிறகு மாப்பிள்ளை பேரைச் சொன்னாள்.

கையில் மாவு. துடைத்துக்கொள்ளாமலே நின்றேன். முதலில் வந்தது என்ன தெரியுமா? பொறாமை. அவளுக்கு நிஜமாகவே எழுதினானோ என்று ஒரு நொடி. இப்படியும் ஒரு மனசு.

மறுநாளே விழுப்புரம் போனேன், சொல்லிவிடுவது என்றுதான். அவள் அம்மா கல்யாணப் புடவையை மடியில் விரித்துக் காட்டினாள். ஆறு வருஷச் சம்பாத்தியத்தில் ஊருக்கு வெளியே ஒரு மனை வாங்கி வைத்திருந்தாள் என் தோழி. இப்போது அதை விற்றுவிட்டாளாம். பெரிய இடமாகப் பார்த்து இருவர் பேரிலும் வாங்க, அவன் வந்ததும் பணத்தைக் கொடுக்கப்போகிறாள். பேசிக்கொண்டே பையிலிருந்து தாளை எடுத்துக் காட்டினாள். அதே மணிமணியான கையெழுத்து. மேல் ஓரத்தில் அதே கறுப்புக் கோடு.

"கையெழுத்து அழகா இருக்குது இல்லக்கா?"

"ஆமா" என்றேன்.

சொன்னால் நம்பமாட்டாள், வயிற்றெரிச்சல் என்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்னால் அது திண்டிவனம் வரை வரும், மகள் காதில் விழும். இதுதான் நிஜக் காரணம். முதல் காரணத்தைப் பஸ்ஸில் வரும்போதுதான் கண்டுபிடித்தேன். அது வசதியாக இருந்தது. நாளைக்குச் சொல்லலாம், போனில் சொல்லலாம் என்று பன்னிரண்டு நாள் ஓட்டினேன்.

அந்த ஞாயிறு எங்கள் கோயிலில் யாரோ ஒரு பையனுக்கும் பெண்ணுக்கும் ஓலை வாசித்தார்கள். சின்ன வயதிலிருந்து கேட்டுக்கேட்டுப் புளித்துப்போனதுதான். கடைசியில், இந்தத் திருமணத்திற்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சாமியார் வாசித்தபோது எனக்கு உட்கார முடியவில்லை. பூசை முடியும்முன் எழுந்து வெளியே வந்து விழுப்புரம் பஸ் பிடித்தேன்.

அவள் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். உள்ளே கோழி வெந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை அன்று தன் அம்மாவை அழைத்து வருவதாகச் சொல்லியிருந்தானாம். என்னையும் அதற்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து அவள் அம்மா, "வாம்மா, நல்ல நேரத்துல வந்த" என்றாள்.

தோழியைப் பின்பக்கக் குழாயடிக்கு இழுத்துப்போய்ச் சொன்னேன். உபதேசியார், அவன் மனைவி, இரண்டு பையன்கள், என்னுடைய தாள், என்னுடைய பதினாலு மாசம், எழுதாமல் விட்ட மீதி எல்லாவற்றையும் சொன்னேன். புதுப்புடவையில் நின்று கேட்டாள். அழவில்லை.

"வெள்ளிக்கிழமை சாயந்திரம் குடுத்துட்டேன்கா, மொத்தத்தையும்" என்றாள்.

போன் போட்டாள். அணைந்திருந்தது. திரும்பத் திரும்பப் போட்டாள். உள்ளேயிருந்து அவள் அம்மா, "எங்க வந்துக்கினு கீறாங்களாம்? சோறு வடிச்சிடட்டுமா?" என்று கேட்டாள்.

மறுநாள் இருவரும் போலீசில் புகார் கொடுத்தோம். இருவரில் முதலில் ஏமாந்தவள் என்பதால் என் பேர்தான் முதலில். எப்போது தெரியும் என்று கேட்டு எழுதினார்கள்; எட்டு மாதத்துக்கு முன் என்றேன். பேனா ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது. பணம் இன்னும் வரவில்லை. ஆள் மறுபடி குவைத்தில்தான் இருக்கிறான் என்கிறார்கள். என் மகளுக்கும் எல்லாம் தெரியும். ஒரு வாரம் பேசாமல் இருந்தாள், பிறகு பேசினாள். நான் அத்தனை பயந்தது அந்த ஒரு வாரத்துக்குத்தான்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் என் தோழியிடம் மன்னிப்புக் கேட்டேன். சொன்னாலும் நீ நம்பியிருக்கமாட்டாய் என்று பயந்துவிட்டேன் என்றேன். அப்போதும் அந்த வசதியான காரணத்தைத்தான் சொன்னேன்.

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வேற யாரு வந்து சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்கா. நீங்க சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்" என்றாள். ஷேர் ஆட்டோ வந்தது, ஏறிப் போய்விட்டாள்.