பிரேக்குக்குப் போட்ட பூஜை

என் வீட்டுக்காரர் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். அதனால் வீட்டுக்கு எது செய்தாலும் லாரி அளவுக்குத்தான் செய்வார். கோழிக்கூண்டுக்கு லாரிக் கதவின் தாழ்ப்பாளைப் போட்டிருந்தார். அதைத் திறக்க இரண்டு கையும் வேண்டும். முட்டை எடுக்கப் போகிறவளுக்கு மூன்றாவது கை எங்கிருந்து வரும் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

அவரிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. அதற்கும் லாரி ஹாரன்தான். அடித்தால் ரோட்டில் போகிற மாடெல்லாம் நின்றுவிடும், வண்டி மட்டும் நிற்காது. பின் பிரேக்கை மிதித்தால் சத்தம் வரும், வேறொன்றும் வராது. முன் பிரேக்கின் கேபிள் அடிக்கடி அறுந்துபோகும். அறுந்ததை முறுக்கிக் கட்டிக்கொண்டு, "இன்னும் ஒரு மாசம் ஓடும்" என்பார்.

அந்த ஒரு மாதத்தில் ஒருநாள்தான் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வரும்போது, எங்கள் சோளக்காட்டுக்குள் திரும்பியவர் நிறுத்த முடியாமல் சோளத்தட்டுப் போரில் கொண்டுபோய் வண்டியைச் செருகினார். நான் பட்டுப்புடவையோடு தட்டுக்குள் கிடந்தேன். போரின் மேலே நின்று தட்டு அடுக்கிக்கொண்டிருந்த என் மாமனார் எட்டிப் பார்த்து, "வாங்க" என்றார். எங்கள் பக்கத்தில் யார் எப்படி வந்தாலும் முதலில் அதைச் சொல்லியாக வேண்டும்.

இது நடந்து கொஞ்ச நாளில் எனக்கு வேலை வந்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. கல்யாணத்துக்கு முன்பே வாத்தியார் பயிற்சி முடித்துவிட்டுக் காத்திருந்தவள் நான். சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் போட்டிருந்தார்கள். சொன்ன தேதிக்குள் போய்ச் சேராவிட்டால் வேலை கைவிட்டுப் போய்விடும். எங்கள் வீட்டிலிருந்து அதுவரை எந்த மருமகளும் சம்பளத்துக்குப் போனதில்லை. மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மாமனார் இரண்டு நாள் யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"வேலைக்குப் போகட்டும். பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு ரோட்டுல நிக்க வேண்டாம். பையன் வண்டியில கொண்டுபோயி உடட்டும். ஆனா மொதல்ல அந்த வண்டி நிக்கோணும். பிரேக்கு புடிக்காத வண்டியில எங்கூட்டு மருமகள ஏத்த உடமாட்டேன்."

மாமியாருக்கு முகம் தெளிந்தது. அந்த வண்டி எந்தக் காலத்தில் நிற்கப் போகிறது என்ற தைரியம் அவருக்கு.

கடைக்குப் போய்ப் புதுக் கேபிள் ஒன்று வாங்கிப் போட்டால் அரை மணி நேரத்தில் முடிகிற காரியம். அதைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"கடைக் கேபிளெல்லாம் நூலு மாதிரி புள்ள. நான் போடறது நம்ம பேரம்பேத்தி காலத்துக்கும் வரும்."

திருச்செங்கோட்டில் அவருடைய சிநேகிதர் ஒருவர் போர்வெல் ரிக் வண்டிகளுக்கு வேலை பார்த்துவந்தார். பூமிக்குள் பாறையைக் குடைகிற அந்த வண்டிகளில் எண்ணெய் ஓடுவதற்கு ஒரு குழாய் உண்டு. உள்ளே ரப்பர், வெளியே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியைச் சடை மாதிரி நெருக்கிப் பின்னியிருப்பார்கள். அதில் ஒரு துண்டை வாங்கிவந்தார். கொலுசு போல மின்னியது. திண்ணமாக என் கட்டைவிரல் பருமன் இருக்கும். எனக்குக் கட்டிய தாலிக்கொடியைக்கூட அவர் அப்படித் தடவிப் பார்த்ததில்லை. அதற்குள் ஒரு தடித்த ஸ்டீல் வயரை ஓட்டி, ஒரு முனையைக் கைப்பிடியிலும் மறுமுனையை முன் சக்கரத்திலும் பொருத்தினார். பட்டறை ஆட்களெல்லாம் வந்து பார்த்துவிட்டு, "ஜம்முன்னு இருக்குதுங்க" என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

"ஒரு சுத்து ஓட்டிப் பாத்துருங்க" என்றேன்.

"பூஜை போடாம எப்படி ஓட்டறது?"

அதுதான் பட்டறை வழக்கம். புது லாரியானாலும் சரி, பழைய லாரிக்குப் புதுச் சாமான் போட்டாலும் சரி, பூஜை முடிந்து எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏறின பிறகுதான் வண்டி நகர வேண்டும். நான் வேலையில் சேரக் கடைசி நாளன்று காலையில்தான் நல்ல நேரம் என்று குறித்தார்கள். வேலை உத்தரவை எடுத்துத் தேதியை இன்னொருமுறை பார்த்துக்கொண்டேன்.

அன்று விடிந்ததும் குளித்து, புடவை கட்டி, பையும் குடையுமாக வாசலில் நின்றேன். வண்டிக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆயிற்று. என் வீட்டுக்காரர் ஆறு எலுமிச்சம்பழம் வாங்கி வந்திருந்தார். லாரிக்கு வாங்கிப் பழகிய கை. இரண்டை எடுத்து முன் சக்கரத்துக்கு எதிரே ஒன்று, பின் சக்கரத்துக்கு எதிரே ஒன்று என்று வைத்தார். மாமனார் கற்பூரத்தைக் காட்டினார்.

"பாருங்கப்பா, எப்படிப் புடிக்குதுன்னு" என்று சொல்லி என் வீட்டுக்காரர் முன் பிரேக்கை ஒருமுறை இறுக்கப் பிடித்தார்.

பிடித்தது. பிறகு விடவில்லை.

ரப்பருக்குள் சிக்கிய வயர் திரும்பி வர மறுத்துவிட்டது. அவர் வண்டியை உதைத்துக் கிளப்பி, கியரைப் போட்டு முறுக்கினார். பின் சக்கரம் தன் பழத்தை நசுக்கிச் சாற்றைப் பீய்ச்சியடித்துவிட்டு, மண்ணைப் பறித்துக் கோழிகளின் மேல் வீசியது. முன் சக்கரம் அசையவே இல்லை. பட்டறையிலிருந்து வந்திருந்த இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். ஒருவர் சுத்தியலால் தட்டினார். முன் பழம் மஞ்சளாக, முழுசாக, சக்கரத்துக்கு ஒரு விரல் தள்ளி உட்கார்ந்திருந்தது.

மாமியார் மெதுவாகச் சொன்னார். "வேண்டாஞ் சாமி. பழம் நசுங்காம கெளம்பக் கூடாது. சகுனம் சரியில்ல. இன்னொரு வேல வராமயா போயிரும்?"

என் வீட்டுக்காரர் கேபிளைக் கழற்றக் குனிந்துகொண்டு ஸ்பேனரைத் தேடினார். எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. எத்தனை வருஷம் காத்திருந்த வேலை, ஒரு எலுமிச்சம்பழத்துக்காகப் போவதா?

"பழம் நசுங்கோணும், அவ்வளவுதானுங்களே அத்தை" என்று கேட்டுவிட்டு, முன்னால் போய்ச் செருப்புக் காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தேன். சாறு மாமனாரின் வேட்டி வரைக்கும் தெறித்தது.

மாமனார் வேட்டியைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"பிரேக்கு புடிக்கோணும்னுதான நாஞ் சொன்னேன்? இதுக்கு மேல எப்படிப் புடிக்கறது? வா சாமி, பஸ் ஏத்தியுடறேன்."

அந்தச் சாறு பட்ட வேட்டியோடு எனக்கு முன்னால் நடந்தார். ரோட்டில் நின்று, வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி, பெண்கள் பக்கத்தில் ஓர் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினார். நேரத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் பள்ளிக்கு வெளியே என் வீட்டுக்காரர் வண்டியோடு நின்றார். கடைக் கேபிள் போட்டிருந்தார். மாலை வாடியிருந்தது.

"ஏறு புள்ள. இப்ப நல்லா புடிக்குது, உடுது."

"நீங்க முன்னால போங்க. நான் பஸ்ஸுல வாரேன்" என்றேன். சொன்ன பிறகுதான், அது கோபத்தில் சொன்னதில்லை, எனக்கே பஸ்ஸில் போகப் பிடித்திருக்கிறது என்று தெரிந்தது. அவர் முன்னால் போகவில்லை. வீடு வரைக்கும் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தார். நிறுத்தத்தில் பஸ் நிற்கும்போதெல்லாம் அவரும் நின்றார். பிரேக்கு பிடிப்பதை நான் பார்க்க வேண்டுமாம்.

மறுநாள் யார் என்னைக் கொண்டுபோய் விடுவது என்று வீட்டில் பேச்சே எழவில்லை. மாமியார் மதியச் சாப்பாட்டுத் தூக்குப்போசியை என் கையில் கொடுத்தார். பஸ்ஸில் உட்கார்ந்து மெதுவாகத் திறந்து பார்த்தேன்.

எலுமிச்சம்பழச் சோறு. பூஜையில் மீந்த நாலு பழமும் பிழிந்த புளிப்பு.