மாறிப்போன வண்டியும் பதினொரு சாப்பாடும்

வெர்லின் ராய் ஹாஸ்கம்ப் (1941–2022) அமெரிக்காவின் மேற்குக் கான்சஸில் ஆல்டன் பிளாட் என்ற சிற்றூரில் பிறந்து, அங்கேயே கோதுமை பயிரிட்டு வாழ்ந்தவர்.

2017 வசந்தத்தில் அவருடைய மனைவி நார்மா காலமானார். நிலத்தைப் பக்கத்துப் பண்ணைக்காரருக்குக் குத்தகைக்கு விட்டாயிற்று. டென்வரின் புறநகர் ஒன்றில் குடியிருந்த மகள் கென்ட்ரா, தன் வீட்டில் அவருக்கென ஓர் அறையை ஒழித்து வைத்துவிட்டு, வாரந்தோறும் தொலைபேசியில் ஒரே கேள்வியைக் கேட்டாள்: “அங்க உங்களுக்கு என்னப்பா வேலை?”

ஊரை விட்டுப் போக அவருக்கு விருப்பமில்லை. ஆனால், அந்தக் கேள்விக்கு எவ்வளவு யோசித்தும் பதில் கிடைக்கவில்லை. அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, சாமான் கட்ட அட்டைப்பெட்டிகள் வாங்குவதற்காக விவசாயிகள் கூட்டுறவுக் கடைக்குப் போனார்.

ஆல்டன் பிளாட்டில் பிக்கப் வண்டியின் சாவியை வண்டியிலேயே விட்டுச் செல்வதுதான் வழக்கம். கையோடு எடுத்துப் போகிறவனை வெளியூர்க்காரன் என்பார்கள். வண்டிகளிலும் பாதிக்கு மேல் வெள்ளை. பெட்டிகள் தீர்ந்துபோயிருந்ததால் வெறுங்கையோடு வெளியே வந்த வெர்லின், புழுதிக் காற்றுக்குத் தலையைக் கவிழ்த்து, தொப்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதலில் தென்பட்ட வெள்ளை வண்டியில் ஏறி ஓட்டினார். கல்லறைத் தோட்டத்தைத் தாண்டிய பிறகே வேகவைத்த பன்றியிறைச்சியின் மணம் மூக்கில் ஏறியது. அதே சமயம் கைப்பேசியும் ஒலித்தது.

முதியோருக்கு மதிய உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் ட்வைலா புரன்கார்ட் பேசினாள். பள்ளியில் அவருக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவள்.

“ஏ வெர்லின்! என் வண்டிய எங்க ஓட்டிக்கிட்டுப் போற?”

“உன் வண்டியா? அதான் ரேடியோ பாடுதேன்னு பார்த்தேன்.”

“பின்னால பதினொரு பேர் சாப்பாடு இருக்கு. ஊர்க் கிழடுங்க வாயில மண்ணைப் போடுறியே, நல்லா இருப்பியா?”

“கல்லறைத் தோட்டத்தைத் தாண்டிட்டேன். இதோ திரும்பி வர்றேன்.”

“திரும்பாத! எல்லாம் ஆறிடும். அங்க டெல்மர் வீடு பக்கம். அங்கேருந்தே கொடுக்க ஆரம்பி. மத்த வீடெல்லாம் உனக்குத் தெரிஞ்சதுதானே? உன் வண்டிய எடுத்துக்கிட்டு நான் பின்னால வரலாம்னா, பிரேக்கை மிதிச்சா ஜெபம் பண்ண வேண்டியிருக்கு.”

ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநரான டெல்மர், கோட்டு மாட்டிக்கொண்டே கதவைத் திறந்தார். வீடு சில்லென்று இருந்தது.

“ஹீட்டர் அணைஞ்சு ரெண்டு நாளாச்சு. ட்வைலாகிட்ட சொல்லல. சொன்னா என் பையன் காதுக்குப் போயிடும். என்னை முதியோர் இல்லத்துல தள்ளிடுவான்.”

“எங்கிட்ட மட்டும் எதுக்குச் சொல்ற?”

“நீதான் பேசவே மாட்டியே!”

வெர்லின் முழங்காலிட்டு ஹீட்டரைப் பற்றவைத்தார். அடுத்த வீட்டில் இறுகிக்கொண்ட ஜன்னல். அதற்கடுத்த வீட்டில் திறக்க முடியாத ஊறுகாய்ப் புட்டி. கடைசி வீட்டை அடைந்தபோது சாப்பாட்டு நேரம் வெகுவாகத் தாண்டிவிட்டது. தொண்ணூறு வயது ஓட்டிலி ரொட்டியைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தாள்.

“கல்லு மாதிரி ஆறிக் கிடக்கு. நாளைக்காவது நேரத்துக்கு வந்து சேரு.”

“நாளைக்கா?”

“ஏன், நாளைக்கு நான் பட்டினி கிடக்கணுமா?”

அன்று மாலை கென்ட்ரா வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

“நாளைக்கு மதியம் வேலை இருக்கும்மா,” என்றார்.

“நாளைக்கு மட்டுமா?”

“டெல்மர் வீட்டு ஹீட்டரை நம்ப முடியாது. ஓட்டிலிக்கு ரொட்டி ஆறக் கூடாதாம். கொஞ்ச நாள் இழுக்கும்.”

மறுமுனையில் கென்ட்ரா சிரித்துவிட்டாள். “சரிப்பா. கிறிஸ்துமஸுக்காவது வாங்க. அந்த அறையில தையல் மெஷினைப் போட்டுக்கறேன்.”

ட்வைலாவும் அவரும் வாரநாட்களைப் பங்கிட்டுக்கொண்டார்கள். வெர்லின் கடைசியாக மதிய உணவு கொண்டு போய்க் கொடுத்தது 2022 மார்ச் 9, புதன்கிழமை.