பை டிக்கெட்

தெலுங்கு பேசுகிற ஊரில் இருக்கும் எங்கள் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் முன்பெல்லாம் ஒரு குடும்பத்தின் மதிப்பை, அது எந்த ஊருக்கு இலவச ரயில் பாஸ் எழுதி வாங்கியது என்பதை வைத்துச் சொல்லிவிடலாம். திருப்பதி என்றால் சாதாரணம். ஜம்மு வரை போய் வந்தவர்கள் ஒரு மாதத்துக்கு யாரோடும் சரியாகப் பேச மாட்டார்கள். இப்போது அளவுகோல் மாறிவிட்டது. நான் பாடம் எடுக்கும் ஆறாம் வகுப்பில், கோடை லீவு முடிந்து வரும் பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்கும் முதல் கேள்வி, "எந்தத் தீம் பார்க்?" என்பதுதான். ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பார்க் என்று சொன்னால் உதட்டைப் பிதுக்குவார்கள். சிங்கப்பூர் என்றால் பக்கத்தில் உட்கார இடம் கொடுப்பார்கள். அமெரிக்கா போய் வந்தவனைத் தேர்தல் எதுவும் வைக்காமலே கிளாஸ் லீடராக ஏற்றுக்கொள்கிறார்கள்.

இந்தக் கணக்கில் எங்கள் குவார்ட்டர்ஸிலேயே உச்சத்தில் இருந்தவள் நாகம்மா. வயது ஐம்பத்திரண்டு. கணவர் வேதாசலம் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். நாகம்மா கொண்டாப்பூரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் பிள்ளை பார்த்துக்கொள்கிறாள். ராமச்சந்திரன், வசந்தி என்று கோயம்புத்தூர்க்காரர்கள், இருவருக்கும் ஐ.டி. வேலை. மகன் பிரசன்னாவுக்குத் தமிழ் மறந்துவிடக் கூடாது என்று தமிழ் பேசுகிற ஆயாவாகத் தேடிப் பிடித்தார்கள். ஆறு வருடமாக நாகம்மா அவனிடம் தமிழில் பேசுகிறாள், அவன் இங்கிலீஷில் பதில் சொல்கிறான். அவனுக்குத் தமிழ் வந்ததோ இல்லையோ, நாகம்மாவுக்கு "ஐ டோன்ட் வான்ட்" சுத்தமாக வந்துவிட்டது.

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது முதலில் வாயைத் திறந்தவள் லலிதா. வேதாசலத்தின் தங்கை, அடுத்த வரிசையில் வீடு. "நாங்க ரயில்வே குடும்பம். எங்க வூட்டு மருமக ஊரான் புள்ளைக்குக் கால் கழுவி வுடப் போறாளா?" என்று ஒரு கல்யாணப் பந்தியில், சாம்பார் ஊற்றுகிறவர் வரை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். நாகம்மா இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் பக்கத்து இலையில் இருந்தேன். இன்று நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது.

அதற்கு அடுத்த வருடம் அந்தக் குடும்பம் சிங்கப்பூர் போனது, பிரசன்னாவைப் பார்த்துக்கொள்ள நாகம்மாவும் போனாள். திரும்பி வந்தபோது, பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரைக்கும் காது முளைத்த தொப்பி ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு சேலையில் நடந்தாள். லலிதாவால் தாங்க முடியவில்லை. "அண்ணி, அந்தப் பெரிய ராட்டினத்துல எல்லாம் ஏறினியா?" என்று கேட்டாள்.

"ஏறாம பின்ன?" என்றாள் நாகம்மா.

அந்த இரண்டு வார்த்தை அஞ்சு வருடத்தில் நன்றாக வளர்ந்தது. சிங்கப்பூர் மறுபடி ஒருமுறை, அப்புறம் துபாய், ஹாங்காங், பாரிஸ். ஒவ்வொரு முறையும் ராட்டினத்தின் உயரம் ஒரு மாடி கூடியது. லலிதா ஆயா வேலையைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாள்.

இந்த ஜனவரியில் யூனியன்காரர்கள் ஒரு பஸ் பிடித்து, குவார்ட்டர்ஸ் குடும்பங்களை ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பார்க்குக்கே கூட்டிப் போவதாக முடிவு செய்தார்கள். பஸ் அவர்களுடையது, டிக்கெட் அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு: "நாகம்மா கூட வரா, என்ன பயம்? அவளயே முதல்ல ஏத்திடுவோம்."

போவதற்கு இரண்டு நாள் முன்பு, மத்தியானத்தில் நாகம்மா என் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"ஸ்டெல்லா டீச்சர், நான் ஒண்ணுலயும் ஏறினது கெடையாது."

"என்ன சொல்றீங்க?"

"ஒரு வாட்டி கூட. கீழ பெஞ்சில பை புடிச்சிக்கினு குந்திக்கினு இருப்பேன். நாலு பை, ரெண்டு கேமரா, பிரசன்னா தம்பியோட செருப்பு."

"ஏன் ஏறலை?"

"எனக்கு எடுக்கறது பை டிக்கெட்டு டீச்சர். உள்ள போறதுக்கு மட்டும். ஏறணும்னா தனியா எடுக்கணுமில்ல? நம்ம நுமாயிஷ்ல எப்டி? வாசல்ல ஒரு டிக்கெட்டு, ராட்டினத்துக்கு வேற, மரணக் கிணத்துக்கு வேற. அவங்களே இவ்ளோ செலவு பண்ணி இட்டுக்கினு போறாங்க. அதுக்கு மேல எனக்கு ராட்டினத்துக்கும் எடுங்கன்னு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கேக்கறது?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நாம்பள்ளியில் வருடா வருடம் நடக்கிற நுமாயிஷ் பொருட்காட்சியைத் தவிர நான் எந்தப் பார்க்கைக் கண்டேன்?

"லலிதாவுக்குத் தெரிஞ்சிது, சாவற வரைக்கும் சொல்லிக் காட்டுவா" என்றாள். அவளுடைய திட்டம் சுலபமானது. கவுன்ட்டரில் சத்தமில்லாமல் ஒரு பை டிக்கெட் எடுத்துக்கொள்வது, பி.பி. ஏறிவிட்டது என்று சொல்லிக் கீழே உட்கார்ந்துவிடுவது. நான் சாட்சிக்குக் கூட நிற்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் அவள் நடத்திய வகுப்பை நான் ஒரு நாளும் நடத்தியதில்லை. முந்தானைக்கு இரண்டு பின் குத்தச் சொன்னாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னாள். இட்லி ரெண்டுக்கு மேல் வேண்டாம் என்றாள். வாந்தி எடுக்கப் போகிறவனை இறங்கி வரும் நடையிலேயே கண்டுபிடிப்பது எப்படி என்று விளக்கினாள். எல்லாமே சரியான தகவல், எல்லாமே பெஞ்சிலிருந்து பார்த்தது. லலிதா முதல் சீட்டில் உட்கார்ந்து வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டு வந்தாள்.

கவுன்ட்டரில் தெலுங்குப் பெண் ஒருத்தி இருந்தாள். நாகம்மா கண்ணாடிக்குள் தலையை நுழைத்து, "ஒக பேக் டிக்கெட் இவ்வம்மா" என்றாள்.

"பேக்கா? லாக்கர் காவாலா?"

"லாக்கர் நக்கோ. நேனே லாக்கர்" என்றாள் நாகம்மா. லாக்கர் வேண்டாம், நான்தான் லாக்கர்.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அப்படி ஒரு டிக்கெட்டே கிடையாது என்றாள். "ஒகே டிக்கெட் ஆன்ட்டி. அன்னி ரைட்ஸ் தாண்ட்லோனே." இருப்பது ஒரே டிக்கெட், எல்லா ரைடும் அதற்குள்ளேயே அடக்கம்.

இங்கேதான் நாகம்மா கெட்டாள். தன்னை ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ்தான் வரும், அதுவும் உரக்க வரும். "இல்லாம எப்டி? சிங்கப்பூர்ல கீது, துபாய்ல கீது, பாரிஸ்ல கூட கீது! ஏறாம கீழ குந்திக்கினு பை பாத்துக்கறவங்களுக்குன்னே தனியா டிக்கெட்டு! அஞ்சு வாட்டி அதுலதான் போயிருக்கேன், என்கிட்டயே இல்லன்றியா?"

அவள் முதுகுக்குப் பின்னால் மொத்த குவார்ட்டர்ஸும் நின்றது. முதல் ஆளாக லலிதா.

கவுன்ட்டர் பெண்ணுக்கு யாரோ மொழிபெயர்த்துச் சொன்னார்கள். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "எக்கடைனா இந்தே ஆன்ட்டி" என்று மெதுவாகச் சொன்னாள். எங்கே போனாலும் இப்படித்தான்.

நாகம்மா என் பக்கம் திரும்பினாள். "அப்போ பாரிஸ்லயும் எனக்கு எல்லாம் இருந்துச்சா டீச்சர்?"

நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது?

"அந்தப் பெஞ்சில மழ பெஞ்சிது டீச்சர்" என்றாள்.

அதற்குள் லலிதா இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். பந்தியில் கேட்ட குரல் மறுபடி வரப் போகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அண்ணி, அஞ்சு வாட்டியும் உன் கையில டிக்கெட்டு இருந்துச்சா?"

"இருந்துச்சு. நான்தான் ஏறினேன்னு பொய்..."

"பொய் கெடக்குது வுடு! டிக்கெட்டு வெச்சிக்கினு ஏறாம குந்திக்கினு இருந்தியா? கைக்கு, எதுக்கு? யாரும் ஏறுன்னு சொல்லலியா?"

அவள் சொன்ன தினுசில் கூட்டம் முழுவதும் கொதித்துவிட்டது. எங்கள் ஆட்களுக்குப் பொய் ஒரு பெரிய குற்றமில்லை. செல்லுபடியாகிற டிக்கெட் கையில் இருக்கும்போது ஓர் ஆளை வண்டியில் ஏற்றாமல் விடுவதுதான் பொறுக்க முடியாத விஷயம். யூனியன் செயலாளர் இதை எங்கே எழுதிப் போடலாம் என்று யோசிக்கத் தொடங்கினார். வேதாசலம் மனைவிக்கு டிக்கெட் வாங்கி, அதற்குக் கொடுத்த பட்டையை அவள் மணிக்கட்டில் கட்டிவிட்டார். பிறகு நேராகப் பெரிய ராட்டினத்தின் அடியில் போய்க் குனிந்து, ஆபரேட்டரிடம் கடைசியாக எப்போது ஓவர்ஹால் செய்தீர்கள் என்று விசாரித்தார். பதில் திருப்தியாக இருந்த பிறகே நாகம்மாவைப் போக விட்டார்.

முதல் ரைடில் முன் வரிசையில் நாகம்மா, அவள் பக்கத்தில் லலிதா, பின்னால் நான். உச்சியில் வண்டி ஒரு விநாடி நின்றது. மற்றவர்கள் எல்லோரும் முருகா, மாதாவே, அம்மா என்று அலறினார்கள். நாகம்மா விழும்போது அடிவயிற்றிலிருந்து கத்தினாள்: "அடியே வசந்தீ...!"

ஆறு வருடமாக 'மேடம்' போடாமல் அவள் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. லலிதா இறங்கிய நடையைப் பார்த்ததுமே நாகம்மா சட்டென்று அவளை ஓரமாகத் திருப்பிவிட்டாள். கணிப்பு தப்பவில்லை. அதற்குப் பிறகு அன்று சாயங்காலம் வரை லலிதா பெஞ்சில் சுருண்டு உட்கார்ந்து எல்லோர் பைகளையும் பார்த்துக்கொண்டாள். நாகம்மா ஒரு ரைடையும் விடவில்லை.

மறுநாள் கொண்டாப்பூரில் நடந்ததை நாகம்மாவே எனக்குச் சொன்னாள். வசந்தி காபி குடித்துக்கொண்டே, இந்த வருஷம் ஜப்பான் என்று சொல்லியிருக்கிறாள், பாஸ்போர்ட்டை எடுத்து வையுங்கள் நாகம்மா என்று.

"மேடம், அங்க எனக்கு எடுக்கிற டிக்கெட்டுல எல்லா ரைடும் இருக்குமா?"

"இருக்குமே. எப்பவும் இருக்கும்."

"இத்தன வருஷமா சொல்லவே இல்லியே மேடம்."

வசந்தி கப்பைக் கீழே வைத்திருக்கிறாள். கெட்ட பெண் இல்லை அவள், அதையும் சொல்லிவிடுகிறேன். நிஜமாகவே அவளுக்கு அது தோன்றியதே இல்லை. "இல்லைங்க நாகம்மா... உங்களுக்குப் பயமா இருக்கும்னு நாங்களா நெனைச்சுட்டோம்."

"ஹவ் மேடம், ஆமா, பயமாத்தான் இருக்கு" என்றாளாம் நாகம்மா. "நேத்து பதினோரு வாட்டி பயந்தேன்."